நெடுஞ்சாலையில் 80 போதுமா, 100 இருக்கட்டுமா, 120 ஆக்கலாமா?

2018 ஏப்ரலில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வேக வரம்புகளை உயர்த்தி ஓர் அறிவிக்கை வெளியிட்டது. எக்ஸ்பிரஸ்வேயில் கார்கள் மணிக்கு 120 கி.மீ. வரை போகலாம், சென்டர் மீடியன் உள்ள நான்கு வழிச்சாலைகளில் 100 வரை போகலாம் என்றது அது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்து, வரம்பைக் குறைத்துப் புது அறிவிக்கை வெளியிடச் சொன்னது. அது வேக வரம்பை எதிர்த்துப் போட்ட வழக்குகூட இல்லை. விபத்தில் கடுமையாக முடங்கிப்போன ஒருவருக்கு எவ்வளவு இழப்பீடு தரவேண்டும் என்பதுதான் விசாரணை. இழப்பீட்டை 18 லட்சத்திலிருந்து ஒன்றரைக் கோடியாக உயர்த்திய நீதிபதிகள் கிருபாகரனும் தமிழ்ச்செல்வியும், வேகத்தால் இத்தனை பேர் சாகிறார்கள் என்று தெரிந்தும் வரம்பை ஏன் கூட்டினீர்கள் என்று கேட்டார்கள். சாலைகளும் வாகனத் தொழில்நுட்பமும் மேம்பட்டுவிட்டன என்பது அரசுத் தரப்பின் வாதம். அதே ஆண்டு அக்டோபரில் அமைச்சர் நிதின் கட்கரி, எக்ஸ்பிரஸ்வேக்களில் 140 வரை அனுமதிக்கலாம் என்பது தன் கருத்து என்று பேசினார்.

ஆக, 80-இலிருந்து 140 வரை எல்லா எண்ணுக்கும் ஆதரவாகப் பேச ஆள் இருக்கிறார்கள். இதில் எதைத் தேர்ந்தெடுப்பது? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரம்பைக் குறைத்தால் உயிர்கள் மிஞ்சுகின்றன. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எல்லா நெடுஞ்சாலைக்கும் ஒரே எண்ணைக் குறைத்து எழுதுவது அதற்குச் சரியான வழி இல்லை. ஒரு சாலையில் எந்த மாதிரி மோதல் நடக்கச் சாத்தியம் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் அந்தச் சாலையின் எண்ணை முடிவு செய்ய வேண்டும்.

முதலில் 100-க்கும் 120-க்கும் நடுவே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த சாலை, நல்ல டயர், நல்ல பிரேக். 100-இல் வரும் கார் நிற்க ஏறக்குறைய 97 மீட்டர் தேவை. 120-இல் வந்தால் 129 மீட்டர். முப்பது மீட்டர்தானே என்று தோன்றும். இப்போது 97 மீட்டர் தள்ளி ஒரு டிராக்டர் குறுக்கே நிற்கிறது. 100-இல் வந்தவர் அதன் அருகே வந்து நின்றுவிடுகிறார். 120-இல் வந்தவர் பிரேக்கை முழுதாக அழுத்தியும், டிராக்டரைத் தொடும்போது மணிக்கு 75 கி.மீ.க்கு மேலான வேகத்தில் இருப்பார். பயணத்தில் வெறும் 20 கி.மீ. கூடுதல், மோதலில் அது சுழியத்துக்கும் 75-க்கும் உள்ள வித்தியாசமாக மாறிவிடுகிறது. வேகத்தைப் பற்றிய எந்த வாதத்திலும் இந்தக் கணக்கைத் தாண்டிப் போக முடியாது.

ஸ்வீடன் நாட்டுச் சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர் யோரான் நீல்சன் பல ஆண்டுத் தரவுகளை வைத்து இதையே சாலை அளவில் காட்டினார். சராசரி வேகம் மாறும்போது, உயிர்ப்பலி விபத்துகள் அந்த மாற்றத்தின் நான்காம் அடுக்கில் மாறுகின்றன. அதாவது சராசரி வேகம் 5 சதவீதம் குறைந்தால் உயிர்ப்பலி விபத்துகள் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறையும். பின்னால் வந்தவர்கள் இந்தச் சூத்திரத்தைத் திருத்தினார்கள், சாலை வகைக்கு ஏற்ப அடுக்கை மாற்றினார்கள். திசை மட்டும் மாறவே இல்லை.

நாடுகளின் அனுபவத்துக்கு வருவோம். அமெரிக்காவில் எண்ணெய் நெருக்கடியின்போது, 1974 ஜனவரியில், நாடு முழுக்க மணிக்கு 55 மைல் என்று உச்ச வரம்பு வந்தது. எரிபொருளை மிச்சப்படுத்துவதுதான் நோக்கம். 1973-இல் சுமார் 54,000 ஆக இருந்த சாலை மரணங்கள் அடுத்த ஆண்டு 45,000 சொச்சத்துக்கு இறங்கின. இதை அப்படியே வரம்பின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. பெட்ரோல் கிடைக்காததால் மக்கள் வண்டி எடுத்ததே குறைவு. பின்னர் ஆராய்ந்த தேசிய ஆராய்ச்சிக் குழு, அந்த ஓராண்டில் வேகம் குறைந்ததால் மட்டும் தப்பிய உயிர்கள் 3,000 முதல் 5,000 வரை என்று மதிப்பிட்டது. முழு வீழ்ச்சியில் ஏறக்குறைய பாதி. 1987-இல் மாநிலங்களை இணைக்கும் பெருநெடுஞ்சாலைகளான இன்டர்ஸ்டேட்களின் கிராமப்புறப் பகுதிகளுக்கு 65 மைல் அனுமதித்தார்கள். 1995-இல் தேசிய வரம்பே நீங்கி, மாநிலங்கள் ஒவ்வொன்றாக உயர்த்த ஆரம்பித்தன. நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 25 ஆண்டுத் தரவை எடுத்துப் பார்த்து 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, உச்ச வரம்பில் ஒவ்வொரு 5 மைல் உயர்வுக்கும் இன்டர்ஸ்டேட் மற்றும் ஃப்ரீவேக்களில் மரண விகிதம் சுமார் 8 சதவீதம் கூடியது. 1993 முதல் 2017 வரை கூடுதலாகப் போன உயிர்கள் கிட்டத்தட்ட 37,000. இதே காலத்தில்தான் ஏர்பேக், ஏபிஎஸ், வலுவான கார் கூடு எல்லாம் வந்தன. வண்டிகள் பாதுகாப்பாகிக்கொண்டே போனபோதும் வேகம் தன் பங்கை எடுத்துக்கொண்டது.

பொதுவான வேக வரம்பே இல்லாத ஜெர்மனியின் ஆட்டோபான் நெடுஞ்சாலைகளைச் சிலர் எதிர் உதாரணமாகக் காட்டுவார்கள். பிரான்டென்பர்க் மாநிலத்தில் ஏ24-இன் ஒரு பகுதிக்கு 2002 இறுதியில் 130 என்று வரம்பு வைத்தார்கள். அந்தப் பகுதியில் விபத்துகள் கிட்டத்தட்ட பாதியானது. அத்தனை ஒழுங்கான சாலையிலேயே இது நடந்தது.

பலகை சொல்வதும் முள் காட்டுவதும்

பிரான்ஸ் எடுத்த முடிவைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். நம் விவாதத்துக்கு அதுதான் மிக நெருக்கமானது. 2018 ஜூலை 1 முதல், நடுவே தடுப்பு இல்லாத இருவழிச் சாலைகளில் வரம்பை 90-இலிருந்து 80 ஆக்கினார் பிரதமர் எதுவார் பிலிப். சுமார் 4 லட்சம் கி.மீ. சாலை. கிராமங்களில் கடும் கோபம். அந்த ஆண்டு நவம்பரில் வெடித்த மஞ்சள் சட்டைப் போராட்டத்துக்கு எரிபொருள் வரி முதல் காரணம் என்றால், இந்த 80 இன்னொரு காரணம். நாட்டில் இருந்த வேகக் கேமராக்களில் பாதிக்கு மேல் உடைக்கப்பட்டன, எரிக்கப்பட்டன, துணி போட்டு மூடப்பட்டன.

வரம்பு 10 கி.மீ. குறைந்தது. உண்மையில் சராசரி வேகம் எவ்வளவு குறைந்தது? சுமார் 3.3 கி.மீ. அரசின் ஆய்வு மையமான செரெமா அளந்து சொன்ன எண் இது. கேமராக்கள் பாதி செத்துக் கிடந்த காலத்தில், பெரும்பாலும் பலகையின் பலத்தில் மட்டும் கிடைத்த குறைவு. அதற்கே 20 மாதங்களில் 349 உயிர்கள் மிஞ்சின என்று அதே மையம் கணக்கிட்டது. பயணிகள் இழந்த நேரம் சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு ஒரு விநாடி. அப்படியிருந்தும் 2019 டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்டு, மாவட்டங்கள் விரும்பினால் 90-க்குத் திரும்பலாம் என்றானது. பல மாவட்டங்கள் திரும்பின.

இதிலிருந்து இரண்டு விஷயங்களை எடுத்துக்கொள்கிறேன். பலகையில் 10 குறைத்தால் சாலையில் மூன்றோ நாலோதான் குறையும். ஆனாலும் அந்த மூன்றே கணிசமான உயிர்களைக் காக்கும். இரண்டாவது, ஏன் குறைக்கிறோம் என்று மக்களுக்குப் புரியாத வரம்பு அரசியலில் நெடுநாள் தாங்காது.

சரி, எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருவோம். ஆளைக் கொல்வது வேகம் இல்லை, வண்டிகளுக்கு இடையிலான வேக வித்தியாசம்தான் என்பார்கள். 1964-இல் டேவிட் சாலமன் அமெரிக்கக் கிராமப்புற நெடுஞ்சாலைகளை ஆராய்ந்து, சராசரியை ஒட்டிப் போகிறவருக்கே ஆபத்து குறைவு, அதைவிட மெதுவாகப் போகிறவருக்கும் வேகமாகப் போகிறவருக்கும் கூடுகிறது என்று வரைபடம் போட்டார். வரம்பைக் குறைத்தால் சிலர் கடைப்பிடிப்பார்கள், சிலர் மாட்டார்கள், வித்தியாசம் பெரிதாகும், விபத்து கூடும் என்று இதை வைத்து வாதம் வளர்ந்தது. அந்த மெதுவான வண்டிகளில் பல, திரும்புவதற்காகவோ சாலையில் ஏறும்போதோ வேகம் குறைத்தவை என்பது பின்னால் தெரிந்தது. அடிலெய்டு ஆய்வாளர்கள் அவற்றைக் கழித்துவிட்டு ஆஸ்திரேலியக் கிராமப்புறச் சாலைகளில் பார்த்தபோது, மெதுவாகப் போனவர்களுக்கு ஆபத்து கூடவில்லை. சராசரியைவிட 10 கி.மீ. வேகமாகப் போனவர்களுக்கு இரட்டிப்பானது.

வேக வித்தியாசமே முக்கியம் என்று ஒப்புக்கொண்டாலும் நம் ஊரில் அந்த வாதம் எந்தப் பக்கம் சாய்கிறது பாருங்கள். 2018 அறிவிக்கையின்படி நான்கு வழிச்சாலையில் லாரிக்கும் பைக்குக்கும் 80, பஸ்ஸுக்கு 90, காருக்கு 100. நடைமுறையில் சரக்கு ஏற்றிய லாரி 50-60-இல் ஊர்கிறது, கரும்பு டிராக்டர் 20-இல் போகிறது, டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் ஒருவர் வைக்கோல் கட்டோடு ஓரமாக வருகிறார். காரின் வரம்பைக் கூட்டினால் இந்த வித்தியாசம் விரியும், குறைத்தால் சுருங்கும். வேக வித்தியாசம்தான் எதிரி என்பவர்கள் தமிழ்நாட்டில் 80-க்குத்தான் வாக்களிக்க வேண்டும்.

கார்கள் பாதுகாப்பாகிவிட்டன என்ற வாதத்தை நான் மதிக்கிறேன், ஆனால் பாதியளவுதான். கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திரத் தரம் கொடுக்க 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் சோதனையில் காரை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டுத்தான் ஐந்து நட்சத்திரம் தருகிறார்கள். 120-இல் மோதும் அதே காரில் அதைப்போல மூன்றரை மடங்கு ஆற்றல் இருக்கும். அந்த நட்சத்திரங்கள் 120-க்கு எந்த உத்தரவாதமும் தருவதில்லை. அதோடு, 2022-இல் நாட்டில் சாலையில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள், 19.5 சதவீதம் நடந்து போனவர்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமானவர்கள் காருக்குள்ளேயே இல்லை. யாருடைய ஏர்பேக் அவர்களைக் காப்பாற்றும்?

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. மரணங்களில் 71 சதவீதத்துக்கு அதிவேகமே காரணம் என்று அமைச்சகத்தின் 2022 அறிக்கை சொல்கிறது. குறைந்த வரம்பை ஆதரிக்கும் நான் இந்த எண்ணில் அதிகம் சாய மாட்டேன். "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்பது நம் எஃப்.ஐ.ஆர்.களில் வழக்கமாக எழுதப்படும் வரி. இருட்டில் இண்டிகேட்டர் போடாமல் நின்ற லாரியும், மீடியனில் ஹோட்டல்காரர் வெட்டிவிட்ட இடைவெளியும் அந்த வரிக்குள் மறைந்துபோகின்றன. குறைந்த வேகத்துக்கான ஆதாரம் மேலே சொன்னபடி வேறு இடங்களில் போதுமான அளவு இருக்கிறது.

கேமராவா, கான்கிரீட்டா?

வரம்பைத் தொடாமல், இருப்பதை உருப்படியாக அமல்படுத்தினால் போதாதா? நல்ல கேள்வி. மும்பை–புணே எக்ஸ்பிரஸ்வேயில் 2016-இல் 151 பேர் இறந்தார்கள். அதன்பிறகு சேவ் லைஃப் அறக்கட்டளையும் அரசுத் துறைகளும் சேர்ந்து விபத்து அடிக்கடி நடக்கும் இடங்களை, அதாவது பிளாக் ஸ்பாட்களை, ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்கள். தடுப்பு வேலி, ஓரத்தில் லாரி நிறுத்துவதற்குத் தடை, ஸ்பீட் கன், விரைவான ஆம்புலன்ஸ் என்று பல வேலைகள். சில ஆண்டுகளில் மரணங்கள் பாதிக்கும் கீழே போயின. இந்தப் பட்டியலில் வரம்புக் குறைப்பு இல்லை.

பெங்களூரு–மைசூரு சாலை நமக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. 2023 மார்ச்சில் திறப்பு விழா நடந்தது. முதல் சில மாதங்களில் பத்திரிகையைத் திறந்தால் அங்கே விபத்துச் செய்திதான். ஜூலையில் 100 வரம்பை ஸ்பீட் கன்னோடு கறாராக அமல்படுத்தினார்கள். ஆகஸ்ட் 1 முதல் பைக், ஆட்டோ, டிராக்டர் பிரதான பாதையில் வரக்கூடாது என்று தடை போட்டார்கள். மரணங்கள் கணிசமாகக் குறைந்தன. எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்வது கடினம். இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்தன என்றே நான் நினைக்கிறேன்.

அமல்படுத்துவதிலும் முறை முக்கியம். ஒரே இடத்தில் நிற்கும் கேமராவைப் பார்த்ததும் எல்லோரும் பிரேக் அடிப்பார்கள், தாண்டியதும் மிதிப்பார்கள். எதிரே வருகிறவர் ஹெட்லைட்டை மின்னி முன்கூட்டியே சொல்லியும் விடுவார். இரண்டு இடங்களுக்கு நடுவே எடுத்த நேரத்தை வைத்துச் சராசரி வேகத்தைக் கணக்கிடும் முறைதான் இதற்கு மருந்து. இத்தாலி 2005 முதல் தன் கட்டணச் சாலைகளில் இதை வைத்திருக்கிறது. மிலான்–நேப்பிள்ஸ் ஏ1 சாலையில் விபத்துகள் சுமார் 30 சதவீதம் குறைந்ததை ஓர் ஆய்வு காட்டியது. மாதங்கள் போகப் போகப் பலன் தேய்ந்ததையும் அதே ஆய்வு காட்டியது. அபராதம் தவறாமல் வீட்டுக்கு வருகிறதா என்பதை ஓட்டுநர்கள் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுகிறார்கள். ரொக்கமாகக் கைமாறும் அபராதத்தை நான் அமலாக்கத்தில் சேர்க்கவே மாட்டேன். குறைந்த வரம்பின் மேல் மக்களுக்கு வெறுப்பு வருவதற்கு அது ஒன்றே போதும்.

சாலையையே மாற்றிக் கட்டுவது இன்னொரு வழி. நிரந்தரப் பலன் தருவதும் அதுதான். ஸ்வீடன் 1990-களின் இறுதியில் தன் 13 மீட்டர் அகலச் சாலைகளை மூன்று தடங்களாகப் பிரித்து, நடுவே கம்பிவடத் தடுப்பு போட்டது. இரண்டு தடம் ஒரு திசைக்கு, ஒன்று எதிர்த் திசைக்கு, சில கிலோமீட்டருக்கு ஒருமுறை மாறி மாறி. பெரிய நில எடுப்பு இல்லை, புதுப் பாலம் இல்லை. அந்தச் சாலைகளில் மரணங்கள் முக்கால் பங்குக்கு மேல் குறைந்தன. தடுப்பு போட்ட சாலைகளில் 100 அனுமதித்தார்கள், தடுப்பு இல்லாதவற்றில் 90-ஐ 80 ஆக்கினார்கள். ஒரே நாட்டில், ஒரே கொள்கையில், சில சாலைகளில் வரம்பு ஏறியது, சிலவற்றில் இறங்கியது.

அந்தக் கொள்கை எளிமையானது. மனித உடல் தாங்கும் அளவே வரம்பு. கார் ஆள்மேல் மோத வாய்ப்புள்ள இடத்தில் 30. குறுக்குச் சந்திப்பில் பக்கவாட்டில் மோத வாய்ப்பிருந்தால் 50. நேருக்கு நேர் மோதலாம் என்றால் 70. இவை எதற்கும் வழியில்லாத சாலையில் மட்டும் 100-உம் அதற்கு மேலும்.

இதை எடுத்துக்கொண்டு சென்னை–திருச்சி சாலையில் போய்ப் பாருங்கள். மீடியன் இருக்கிறது, நான்கு வழி இருக்கிறது. அறிவிக்கையின்படி 100-க்குத் தகுதியான சாலை. ஆனால் வழிநெடுக ஊர்கள். பள்ளிப் பிள்ளைகள் மீடியனில் ஏறி இறங்கிச் சாலையைக் கடக்கிறார்கள். சர்வீஸ் ரோடு பாதியில் நின்றுபோன இடங்களில் பைக்குகள் ராங் சைடில் எதிரே வருகின்றன. முறைப்படி யூ-டர்ன் எடுக்க அவர்கள் இரண்டு மூன்று கிலோமீட்டர் சுற்றவேண்டும் என்பதால் அவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. டீக்கடை வாசலில் லாரிகள் பாதி தடத்தை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. ஸ்வீடன்காரர் கணக்கில் இந்தச் சாலை 100 கி.மீ. சாலையே இல்லை; 30-உம், 50-உம், 70-உம், நடுநடுவே 100-உம் கலந்து கிடக்கும் சாலை. போலீசார் சந்திப்புகளில் பேரிகேடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து வண்டிகளை வளைந்துபோக வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். வரம்புப் பலகை செய்யாத வேலையை அந்த இரும்புத் தட்டிகள் செய்கின்றன, இரவில் அவையே ஆபத்தாகவும் ஆகின்றன.

அண்டர்பாஸும் முழுநீள சர்வீஸ் ரோடும் வந்தால் பிரச்சினை தீரும். நிலம், டெண்டர், வழக்கு என்று அதற்கு ஆண்டுகள் ஆகும். பலகையும் சராசரி வேகக் கேமராவும் சில மாதங்களில் வரும். அதனால்தான் கட்டுமானம் முடியும்வரை வரம்பைக் குறைத்து வையுங்கள் என்கிறேன்.

நேரக் கணக்கையும் மறைக்காமல் போட்டுவிடலாம். சென்னையிலிருந்து திருச்சிக்குச் சுமார் 330 கி.மீ. வழிமுழுக்க 100-இல் போனால் 3 மணி 18 நிமிடம். 80-இல் போனால் 4 மணி 8 நிமிடம். ஐம்பது நிமிட இழப்பு. தினமும் ஓட்டிப் பிழைக்கும் டாக்ஸிக்காரருக்கு இது சின்ன விஷயம் இல்லை. அதனாலேயே மொத்தமாக 80 என்பதை நான் ஆதரிக்கவில்லை. ஊர்களையும் சந்திப்புகளையும் ஒட்டிய பகுதிகள் மொத்தம் 60 கி.மீ. என்று வைத்து, அங்கே மட்டும் 60 என்றால், இழப்பு 24 நிமிடம். டோல்கேட் வரிசை, லாரி நெரிசல் காரணமாக அங்கெல்லாம் யாரும் 100-இல் முழுதாகப் போவதில்லை என்பதால் உண்மையான இழப்பு இன்னும் குறைவு. மெதுவாகப் போனால் தூக்கம் வரும் என்று சொல்கிறவர்கள் உண்டு. தூக்கம் நள்ளிரவிலும் நெடுநேர ஓட்டத்திலும் வருவது; வந்துவிட்டால் 120-இல் கண் அசருவதைவிட 80-இல் அசருவது பிழைக்க அதிக வாய்ப்பு தரும்.

எக்ஸ்பிரஸ்வே வேறு கதை. அங்கே குறுக்குச் சந்திப்பு இல்லை, பைக் இல்லை, மாடு இல்லை என்றால் 100 நியாயமானது. இலங்கையின் தெற்கு அதிவேக நெடுஞ்சாலை 2011-இல் திறந்ததிலிருந்து அப்படித்தான் நடக்கிறது: மோட்டார் சைக்கிளுக்கும் முச்சக்கர வண்டிக்கும் அனுமதி இல்லை, வரம்பு 100, மழை பெய்தால் 60. அந்த மழை வரம்பு எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. உத்தரப்பிரதேசத்தின் யமுனா எக்ஸ்பிரஸ்வேயிலும் மூடுபனிக் காலத்தில் 100-ஐ 75 ஆகக் குறைக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் சாலைகளில் ஏன் இதைச் செய்யக் கூடாது?

சென்னை–பெங்களூரு எக்ஸ்பிரஸ்வே 120 கி.மீ. வடிவமைப்பு வேகத்தில் கட்டப்படுகிறது. வடிவமைப்பு வேகம் என்பது வளைவும் சரிவும் எவ்வளவு தாங்கும் என்பது. ஓட்டுநர் எவ்வளவு தாங்குவார் என்பதை அது சொல்லாது. முழுவதும் திறக்கும்போது 100-இல் தொடங்கி, முதல் நாளிலிருந்தே சராசரி வேகக் கேமராவை ஓடவிட்டு, இரண்டு ஆண்டு விபத்துத் தரவை வெளியிட்ட பிறகு 120-ஐப் பற்றிப் பேசலாம். முதலில் 120 கொடுத்துவிட்டுப் பிறகு குறைக்கப் போனால், பிரான்சில் அந்தக் கேமராக்களுக்கு நடந்ததுதான் இங்கேயும் நடக்கும்.